பால் என்னும் சொல்லும் பெண் என்னும் பெயரும்

நம் காலத்தில் மிகுந்த உஷ்ணத்தோடு நடைபெறும் சர்ச்சைகளுள் ஒன்று, இலக்கணப் புத்தகத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு சொல்லின் மேல் நிற்கிறது என்பது விந்தையான விஷயந்தான். ஆங்கிலத்தில் ‘ஜெண்டர்’ என்னும் பதம், வகை அல்லது இனம் என்று பொருள்படும் லத்தீன வேரிலிருந்து பிறந்து, பெயர்ச்சொற்களை இன்ன வகையென்று பிரித்துக் காட்டும் காரியத்தையே பெரும்பாலும் செய்துகொண்டிருந்தது. 1955-ஆம் ஆண்டில் ஜான் மணி என்ற உளவியலறிஞர், ஆண், பெண் என்ற உடலடையாளம் பிறப்பிலேயே தெளிவுபடாத குழந்தைகளைப் பற்றி எழுதும்போது, அந்தப் பதத்தை மனிதர் மேல் ஏற்றினார். உடலால் அமைந்தது ஒன்று, ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ உணர்ந்து நடந்துகொள்ளும் முறை மற்றொன்று என்று பிரித்துப் பேச அவருக்கு அது உதவிற்று. ‘பால்’ என்னும் நம் சொல்லும், பகுத்தல் என்ற கருத்தில் பிறந்து, இருதிணை ஐம்பால் என்று இலக்கணத்தில் வாழ்ந்து, அங்கிருந்தே மனிதரின் உடலுக்கும் வாழ்வுக்கும் பெயராயிற்று என்பதை எண்ணினால், இரு மொழிகளும் ஒரே துறையில் இறங்கித் தண்ணீர் முகந்திருக்கின்றன என்று தோன்றும்.

மருத்துவர்கள் கொண்டுவந்த இந்தப் பிரிவினையைப் பெண்ணியவாதிகள் தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள். பெண்மை என்பது பிறப்போடு வந்த விதியன்று, வளர்ப்பாலும் வழக்கத்தாலும் ஒருத்தியின் மேல் ஏற்றப்படுவது என்ற கருத்தை, ஸிமோன் த போவுவார் 1949-இலேயே தம் ‘இரண்டாம் பாலினம்’ என்னும் நூலில் நிலைநாட்டியிருந்தார். 1972-இல் ஆன் ஓக்லி என்ற ஆங்கிலச் சமூகவியலறிஞர், உடற்கூற்றைக் குறிக்க ஒரு சொல்லும் சமூகம் கட்டிய வேஷத்தைக் குறிக்க மற்றொரு சொல்லுமாகப் பிரித்துத் தம் நூலை அமைத்தார். அடுப்படி பெண்ணுக்கு இயற்கை விதித்த இடம் என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடைத்திருக்க முடியாது. ஆனால், எதிரியை வீழ்த்தக் கூர்தீட்டிய வாள் வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வியைக் கீறிவிட்டது. பெண்மை ஆக்கப்படுவதாயின், ஆணாகப் பிறந்தவர் என்று பதிவான ஒருவர் பெண்ணாக ஆகலாமா?

ஆகலாம் என்றவர்களும் ஆகாது என்றவர்களும் ஒரே முன்னுரையிலிருந்தே தங்கள் முடிவுகளை எடுத்தார்கள் என்பதுதான் இந்தச் சர்ச்சையில் பலர் கவனியாமல் விடும் அம்சம். ஆக்கப்படுவது வேறுவிதமாகவும் ஆக்கப்படலாம் என்று ஒரு கட்சி வாதித்தது. ஆக்கப்படுவதற்குப் பெண் குழந்தையாக வளர்ந்த அத்தனை வருஷங்களும் வேண்டும், அந்தப் பால்யத்தின் பயத்தையும் அடக்கத்தையும் அறியாதவர் இடையில் வந்து பங்கு கேட்க முடியாது என்று மறுகட்சி வாதித்தது. உடலே அனைத்தும் என்ற வாதம் பிற்பாடுதான் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தது.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்தப் பிளவு இரண்டு மேடைகளில் வெளிப்பட்டது. ஏப்ரல் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் சர்வகலாசாலையில், பெண்களையே நேசிக்கும் பெண்களின் மகாநாடு ஒன்று, ஆயிரத்துக்கு மேற்பட்டவர் திரள நடந்தது. அதை நடத்த உழைத்தவர்களுள் ஒருவரும் பாடகியுமான பெத் எலியட் என்ற திருநங்கை மேடையேறியபோது, அவர் பாடக் கூடாது என்று கூச்சல் எழுந்தது, வாக்கெடுக்கப்பட்டது, பாடலாம் என்றவர்களே அதிகமாயிருந்தும், அவர் சுருக்கமாகப் பாடிவிட்டு இறங்கிப் போனார். முக்கிய உரை நிகழ்த்த வந்திருந்த கவிஞர் ராபின் மார்கன் தம் பேச்சையே அவருக்கு எதிரான குற்றப் பத்திரிகையாக மாற்றி வாசித்தார். அதே வருஷம் ஜூன் மாதத்தில் நியூயார்க் பேரணியில், சிறையில் வாடும் தம் கூட்டத்தாருக்காகப் பேச வந்த திருநங்கை சில்வியா ரிவேராவைக் கூட்டம் இரைந்து அடக்கப் பார்த்தது. பெண் வேஷம் தரிப்பது பெண்ணைப் பரிகசிப்பதே என்று அங்கே அறிக்கை வாசித்த ஜீன் ஓலியரி, பல்லாண்டுகள் கழித்து அதற்காக வருந்தினார். முதல் மேடையில் வாக்கெடுப்பில் ஜெயித்தவர் வெளியேறியதும், இரண்டாவதில் ஜெயித்ததாக எண்ணியவர் பின்னர் மனம் மாறியதும், இவ்விஷயத்தில் கையுயர்த்திக் கணக்கெடுப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டுகின்றன.

பிளவுக்குச் சாஸ்திரம் எழுதியவர் ஜானிஸ் ரேமண்ட் என்ற பெண்ணியவாதி. 1979-இல் வெளிவந்த அவருடைய ‘பால்மாறிகளின் சாம்ராஜ்யம்’ என்னும் நூல், திருநங்கையர் மருத்துவ வர்க்கத்தின் சிருஷ்டி என்றும், பெண்ணின் உடலைப் போலி செய்து பெண்ணின் இடத்தைக் கவர வந்தவர்கள் என்றும் சாடியது. மகளிர் மட்டுமே நடத்திய ஒலிவியா என்ற இசைத்தட்டு ஸ்தாபனத்தில் ஒலிப்பதிவாளராயிருந்த ஸாண்டி ஸ்டோனையும் அது பெயர் சொல்லிக் குறிவைத்தது. கூட வேலை செய்த பெண்கள் அவரை ஏற்றுக்கொண்டிருந்தும், வெளியிலிருந்து வந்த கண்டனக் கடிதங்களும் பகிஷ்கார பயமுறுத்தலும் தாங்காமல் ஸ்டோன் விலகினார். பின்னர் 1991-இல் அச்சான நெடுங்கட்டுரையொன்றில் பதிலளித்தார். சாம்ராஜ்யம் என்ற சொல்லுக்குச் சாம்ராஜ்யம் என்றே பதில் சொல்லிய அக்கட்டுரைத் தலைப்பின் குறும்பு ஒருபுறமிருக்க, பெண்ணாகவே எப்போதும் இருந்ததாகக் கதை கட்டி முன்வாழ்வை மறைக்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்துவதைத் திருநங்கையர் மறுக்க வேண்டும், தங்கள் சொந்தச் சரித்திரத்தைத் தாங்களே எழுத வேண்டும் என்ற அதன் கோரிக்கை, இன்று ஒரு தனிக் கல்வித்துறையாக வளர்ந்துவிட்டது. தீவிரப் பெண்ணியவாதிகள் அனைவரும் ரேமண்டின் பக்கம் நின்றார்கள் என்று எண்ணுவதும் பிழை. ஆண்டிரியா டுவொர்க்கின், 1974-இல் எழுதிய நூலிலேயே, இவர்களுக்கு வேண்டிய மருத்துவ உதவியைச் சமூகம் அளிக்க வேண்டும் என்று கூறியிருந்தார். அவருடைய சட்டத் தோழி காதரீன் மக்கினன் இன்றளவும் திருநங்கையரைப் பெண்களாகவே ஏற்றுப் பேசுகிறார். ‘தீவிரப் பெண்ணியம்’ என்ற பெயரை ஒரு கட்சிக்கே பட்டா எழுதிக்கொடுத்தது பிற்காலத்தாரின் அவசரம்.

சொல்லின் கதை சுவாரஸ்யமாவது மிச்சிகன் மாகாணத்தில். 1976 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில், காட்டு நிலத்தில் கூடாரமடித்துப் பெண்கள் நடத்திவந்த இசைவிழா ஒன்று உண்டு. மேடை கட்டுவது முதல் சமையல் வரை அனைத்தும் பெண் கைகளாலேயே நடைபெற்ற அந்த ஒரு வாரம், இரவில் பயமின்றித் தனியே நடக்க முடிந்த முதல் இடம் என்று பல பெண்கள் நெகிழ்ந்து நினைவுகூர்வதுண்டு. அந்த நெகிழ்ச்சியைப் பரிகசிப்பவர் இச்சர்ச்சையின் பாதியைப் புரிந்துகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் பெண் என்ற சொல்லுக்குள் ஆண் என்ற சொல்லும் ஒளிந்திருப்பதால், அந்த எழுத்தை மாற்றி, ‘மென்’ என்பதைக் களைந்து ‘விமின்’ என்று வேறு விதமாக எழுத்துக்கூட்டித் தங்கள் விழாவுக்குப் பெயரிட்டார்கள். 1991-இல் ஒரு திருநங்கை அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, பெண்ணாகவே பிறந்த பெண்ணுக்கு மட்டும் என்ற கொள்கை வெளிப்படையாயிற்று. வாயிலுக்கு எதிரே திருநங்கையரும் அவர்கள் நண்பர்களும் எதிர்முகாம் அமைத்தார்கள். ஆணைச் சொல்லிலிருந்து விலக்கத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம், யாரை உடலால் விலக்குவது என்ற கேள்வியில் வந்து முடிந்ததைப் பாருங்கள். பிறந்த என்ற அடைமொழியைச் சேர்க்க நேர்ந்த அந்தக் கணத்திலேயே, அடைமொழியில்லாத பெண் என்ற சொல் தனியாக அந்தக் காவலைச் செய்யாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. கலைஞர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, விழா 2015-இல் கடைசியாக நடந்து நின்றுபோனது. அப்படி நின்றது வெற்றியென்று கொண்டாடியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கதவு திறந்திருந்தால் விழா இன்னும் நடந்துகொண்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

கனடாவின் வான்கூவர் நகரத்து வழக்கு வேறு ஜாதி. பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு ஆதரவளிக்கும் நிலையம் ஒன்றில், 1995-இல் தொண்டராகப் பயிற்சி பெற வந்த ஒரு திருநங்கை, பெண்ணாக வளராதவர் என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டார். 2002-இல் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் அவருக்கு 7,500 டாலர் நஷ்டஈடு விதித்தது. மறு ஆண்டே உயர்மன்றம் அதை ரத்துசெய்தது. 2005-இல் மேல்முறையீட்டு மன்றமும் நிலையத்தின் பக்கமே சாய்ந்தது. 2007-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பன்னிரண்டு வருஷம் நடந்த இந்த வழக்கில் யார் பெண் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததென்று எண்ணினால் ஏமாந்துபோவோம். ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரின் நலனுக்காக அமைந்த சங்கம், தன் உறுப்பினரைத் தானே தேர்ந்துகொள்ளச் சட்டம் விலக்களிக்கிறது என்பதுதான் நிலையத்தைக் காப்பாற்றிய நியாயம். விலக்கப்பட்டவர் பெண்ணல்லர் என்று மன்றம் தீர்ப்பளிக்கவில்லை. அதைத் தீர்ப்பளிக்காமலே வழக்கு முடிந்தது.

இதற்குள் சர்ச்சையின் சொற்களஞ்சியமே பெருகிவிட்டது. ஆல்ப்ஸ் மலைக்கு இப்புறம், அப்புறம் என்று நிலத்தைப் பிரிக்க ரோமர் வழங்கிய ‘சிஸ்’, ‘டிரான்ஸ்’ என்ற முன்னொட்டுகளை ரசாயனவாதிகள் மூலக்கூறுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் அவை மனிதருக்கு வந்தன. பிறப்பில் குறித்த பாலிலேயே வாழ்வைக் கழிப்பவரை ‘சிஸ்’ என்று சொல்லும் வழக்கம் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 2015-இல் இடம்பெற்றது. இக்கரை, அக்கரை என்று சொல்லியிருந்தால் நமக்கு உடனே விளங்கியிருக்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி குறுக்கே வந்து நிற்கும் என்பது வேறு விஷயம். இக்கரையிலிருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு என்று நினைவூட்டுவதே அச்சொல்லின் பயன். பெயரில்லாமல் இருக்கும் சௌகரியத்தை இழக்க எந்தப் பெரும்பான்மையும் விரும்புவதில்லை. ஆனால் அதை மறுக்கும் பெண்கள் எல்லோரும் அகந்தையால் மறுக்கிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேஷத்தோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருத்தியிடம், உனக்கும் அந்த வேஷத்துக்கும் இசைவு உண்டு என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தால் அவள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை.

‘டெர்ஃப்’ என்ற முதலெழுத்துச் சொல்லின் கதி இன்னும் விசித்திரமானது. திருநங்கையரை விலக்கும் தீவிரப் பெண்ணியவாதி என்பதைச் சுருக்கி, மிச்சிகன் விழாவைப் பற்றிய விவாதத்தினிடையே, விவ் ஸ்மைத் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணியவாதி 2008-இல் அதைப் பிரயோகித்தார். தீவிரப் பெண்ணியவாதிகள் எல்லோரையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்ற நல்லெண்ணமே அவருக்கு இருந்தது. பத்து வருஷத்துக்குள் அது ஒரு கூட்டத்தாருக்கு வசவாகவும், மறு கூட்டத்தாருக்குத் துல்லியமான வர்ணனையாகவும் இரட்டை வாழ்க்கை வாழத் தொடங்கிவிட்டது. அப்பெயரை ஏற்காதவர்கள் தங்களைப் பாலின விமர்சகர் என்று அழைத்துக்கொண்டார்கள். பெண்ணியம் முழுவதுமே பாலினத்தை விமர்சிப்பதுதான் என்பதால், இந்தப் பெயரும் பொதுச் சொத்தை ஒரு வீட்டின் பெயரில் கிரயம் செய்ததையே ஒத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் குறையில்லை என்று சொல்ல மாட்டேன்; தயங்கிக் கேட்ட கேள்வியைக்கூடத் துவேஷம் என்று முத்திரையிட்டு, பேச வந்தவரை மேடையேற விடாமல் தடுக்கும் வழக்கம் பல கலாசாலைகளில் வேரூன்றியது; 1973-இல் பெத் எலியட்டை இரைந்து இறக்கிய அதே பழக்கம் கைமாறியிருக்கிறது, அவ்வளவே.

சர்ச்சையின் தலைநகரம் சென்ற பத்தாண்டில் பிரிட்டனுக்குப் பெயர்ந்தது. ஐரோப்பிய மனித உரிமை மன்றம் 2002-இல் அளித்த தீர்ப்பின் விளைவாக அங்கே 2004-இல் பாலின அங்கீகாரச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவச் சான்றும் இரண்டு வருஷ வாழ்வும் காட்டினால் புதிய பிறப்புச் சான்றிதழ் பெறலாம். 2018-இல் இந்த நடைமுறையை இலகுவாக்கலாமா என்று அரசாங்கம் பொதுமக்களைக் கேட்டபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் குவிந்தன. ஒருவர் தம் சொல்லாலேயே சட்டத்தின் முன் பெண்ணாகலாம் என்றால், அடைக்கலமும் சிறையும் உடைமாற்றும் அறையும் என்னாகும் என்ற பயம் ஒருபுறம். உலகில் பல நாடுகள் அவ்வாறே செய்துவிட்டன, பயமுறுத்தப்படுபவர் திருநங்கையர்தாமே என்ற பதில் மறுபுறம். அதே வருஷம் ஸ்காட்லாந்தில், அரசாங்கக் குழுக்களின் நாற்காலிகளில் பாதி பெண்களுக்கு இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பெண் என்றால் யார் என்ற வழக்கு நாற்காலிகளைக் கடந்து வளர்ந்து, 2025 ஏப்ரல் 16-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் உடற்பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள். கூறிய வாயாலேயே, திருநங்கையருக்கு அச்சட்டத்தில் வேறு ஷரத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு நீங்கவில்லை என்றும், இதை ஒரு கட்சியின் ஜெயமாகக் கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். வாசலில் நின்ற ஜெயகோஷம் அந்த எச்சரிக்கையைக் கேட்கவிடவில்லை. ஒரு சட்டத்துக்குள் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டுமே கேட்கப்பட்டு, அதற்கு மட்டுமே விடையளித்த மன்றத்தை, பெண்மையின் தத்துவத்துக்கே வியாக்கியானம் எழுதியதாக இரு கட்சியினரும் எடுத்துக்கொண்டது சட்டத்தைவிட நம் தாகத்தையே அதிகம் காட்டுகிறது.

ஆஸ்பத்திரிக்குள் இந்தச் சர்ச்சை வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் பிரைட்டன் நகரத்துப் பிரசவப் பிரிவு, தாய், பெண் என்ற சொற்களோடு பிரசவிக்கும் நபர் என்ற சொல்லையும் சேர்த்து வழங்கத் தீர்மானித்தது. கருவுற்ற திருநம்பியரும் அங்கே வருவதுண்டு. சேர்த்து என்பதைப் பத்திரிகைகள் சில நீக்கி என்று படித்துவிட, தாய் என்ற சொல்லே தடைசெய்யப்பட்டதாக ஊரெங்கும் பேச்சாயிற்று. ஆனால் அதே வருஷம் ‘லான்ஸெட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகை, பெண்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இன்ன உறுப்பையுடைய உடல்கள் என்று அட்டையிலேயே அச்சிட்டபோது எழுந்த கோபம் நியாயமானது. பத்திரிகாசிரியரும் மன்னிப்புக் கேட்டார். யாரையும் விடக் கூடாது என்ற நல்ல நோக்கம், எல்லோரையும் உறுப்புகளாக உடைத்துப்போடும் அவலத்தில் முடிந்தது. சேர்ப்பதற்கும் மாற்றீடு செய்வதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: முன்னது ஒருவருக்கு நாற்காலி போடுவது, பின்னது இருந்தவரை எழுப்பிவிடுவது.

தமிழில் இச்சர்ச்சை அப்படியே இறக்குமதியாகவில்லை. நம் மொழியின் கட்டமைப்பே அதற்கு ஓரளவு காரணம். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கென்று தனி ஈறு இல்லை, அது உயர்திணையில் உள்ள ஈறுகளையே ஏற்று நடக்கும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே விதித்தார். அஃறிணைக்குத் தள்ளாமல் உயர்திணைக்குள் வைத்த அந்த விதி, பின்னால் வந்த சினிமா வசனகர்த்தாக்களின் ‘அது’வைவிட எவ்வளவோ நாகரிகமானது. கூவாகத்து அரவானின் பெயரால் அரவாணி என்ற சொல் வழங்கி, 2008-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அமைத்த நலவாரியமும் முதலில் அப்பெயரையே தாங்கியிருந்து, பின்னர் திருநங்கை என்ற சொல் நிலைபெற்றது. ஆங்கிலச் சொல் கடந்து போனவர் என்று பயணத்தைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல்லோ நங்கை என்று போய்ச் சேர்ந்த இடத்தையே சொல்லிவிடுகிறது. திருநம்பி அதற்கு இணை. இருவரையும் திருநர் என்றால் தமிழுக்கு இயல்பான மரியாதைப் பன்மை தானே பாலைக் கரைத்துவிடுகிறது. பெண்ணியவாதிகளும் இங்கே வாயிலில் காவல் நின்றவர்களாக இருக்கவில்லை. திருநங்கை ரேவதியின் தன்வரலாற்றை 2010-இல் ஆங்கிலமாக்கித் தந்தவர் பெண்ணியவாதியான வ. கீதா.

ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தவுடன் நங்கை சில இடங்களில் மறைந்துவிடுகிறாள். திருமணச் சட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. 2018-இல் தூத்துக்குடிக் கோயிலில் ஒரு திருநங்கைக்கு நடந்த திருமணத்தைப் பதிய அதிகாரி மறுக்க, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் காலத்தில் உறைந்து நிற்பதன்று, திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனின் தீர்ப்போடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடலாகாது என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஒன்றில் கேட்கப்பட்டது ஒதுக்கீடு, மற்றொன்றில் ஒரு தாலியின் பதிவு.

பலாத்காரச் சட்டத்திலோ அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. டில்லியில் நடந்த கூட்டுப் பலாத்காரச் சம்பவத்துக்குப் பின் நீதிபதி வர்மா குழு, பலாத்காரத்துக்கு ஆளாகிறவர் எப்பாலினராகவும் இருக்கலாம் என்று சட்டத்தை மாற்றும்படி 2013 ஜனவரியில் சொல்லியது. அடுத்த மாதம் பிறந்த அவசரச் சட்டமோ, செய்தவரையும் பால் குறிப்பிடாமல் நபர் என்றாக்கியது. அப்படியானால் புகார் கொடுக்கும் பெண் மீதே எதிர்ப்புகார் வரும் என்று மகளிர் அமைப்புகள் எதிர்த்தன. செய்பவன் ஆண் என்று இருக்கட்டும், ஆளாகிறவர் எவராகவும் இருக்கட்டும் என்பதுதான் அவர்களில் பலர் கேட்டது. பாராளுமன்றம் மார்ச்சில் நிறைவேற்றியபோது இரண்டு முனையையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய், ஆண், பெண் என்று எழுதிவிட்டது. திருநரின் உரிமைப் பாதுகாப்புக்கென்று 2019-இல் வந்த சட்டம், அவர்கள் மேல் நடக்கும் பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தது பத்து வருஷம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றச் சட்டமான நியாய சம்ஹிதை, ‘அவன்’ என்று வருமிடமெல்லாம் திருநரையும் குறிக்கும் என்று பொதுவிளக்கம் தந்துவிட்டு, பலாத்காரப் பிரிவில் மட்டும் ஆளாகிறவள் பெண் என்று நிறுத்திக்கொள்கிறது.